உங்கப்பா போட்ட மூட்டம்

ஒடுகத்தூர்,
மார்கழி 20

அன்புள்ள குதிரைக்காரா,

அறுபது தாண்டியும் உன்னை நினைத்தால் இந்தப் பட்டப்பெயர்தான் முதலில் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பேரன் பெங்களூரில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறானாமே! காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய உங்கப்பா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பார்.

நான் இத்தனை நாள் பதில் போடாததற்கு ஆடுகள்தான் காரணம். ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு புதன்கிழமை, செம்மறி ஒன்று தீனி எடுக்காமல் ஓரமாக நின்றது. மறுநாள் மூன்று. உதடு வீங்கி, மூக்குச் சளி பொருக்குத் தட்டி, வாயெல்லாம் புண். குளம்புக்கு மேலே தோல் சிவந்துபோய், ஒன்று முட்டி போட்டே நகர்ந்தது. கோமாரி என்று நினைத்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் பக்கத்து நிலத்துக்காரர் சந்தையில் பத்து ஆடு பிடித்து வந்திருந்தார். விடுவேனா? வரப்பில் நின்று அவர் மனைவி முன்னாலேயே வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

கால்நடை டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு நீலநாக்கு நோய் என்றார். நாக்கு சிவப்பாகத்தானே இருக்கிறது என்றேன். பேர்தான் அப்படி, எல்லா ஆட்டுக்கும் நீலமாகாதாம். ஆடும் ஆடும் உரசுவதால் ஒட்டுகிற நோயும் இல்லை. கியூலிகாய்டஸ் என்று ஒரு பொடிப் பூச்சி, கொசுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, அதுதான் கடித்துக் கடத்துகிறது. அதிலும் பெண் பூச்சி மட்டும்தான் கடிக்கும். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும்.

அப்புறம் அவர் போட்ட கணக்கில்தான் எனக்கு முகம் செத்துப்போனது. நோய் உள்ள ஆட்டைப் பூச்சி கடித்தால், கிருமி அந்தப் பூச்சியின் உடம்புக்குள் பெருக வெயிலைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்கப்புறம் அது கடித்த ஆட்டுக்குக் காய்ச்சல் வர இன்னும் நாலைந்து நாளாவது வேண்டும். பக்கத்துக்காரர் ஆடு வந்து ஐந்தே நாள்! “மாட்டுக்கும் இந்தக் கிருமி வரும், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. உங்க மாடே வைத்திருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு என் எருக்குழியைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து, சாணியும் சேறுமாக ஆறு மாதமாகக் கிடந்த இடம். பூச்சி முட்டை வைக்கத் தேடுவது அந்த மாதிரிச் சேற்றைத்தான்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. பெர்மாங்கனேட் தண்ணீரில் வாயைக் கழுவி, போரிக் கிளிசரின் தடவி, கேழ்வரகுக் கூழை ஆற்றிப் புகட்டினோம். நாலு போய்விட்டன, அதில் இரண்டு சினை ஆடு. தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை.

அந்தப் பூச்சியை ஒரு சாயங்காலம் பார்த்தேன். முழங்கையில் சுருக்கென்றது. கேழ்வரகு மணி அளவுகூட இல்லை, கண்ணாடி போட்டுப் பார்த்தால் சிறகில் புள்ளி. கொசுவலை கட்டினேன், அதன் கண்ணுக்குள்ளேயே நுழைந்து வந்துவிட்டது. ஆனால் காற்றுக்கு எதிராக அதனால் பறக்க முடியாது. அதனால் கொட்டாயில் பழைய டேபிள் ஃபேனை மாட்டியிருக்கிறேன். “ஆட்டுக்கு ஃபேன், எனக்கு விசிறியா?” என்று வீட்டில் கேட்டாயிற்று.

குதிரையையும் இது விடாது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒன்று, இதே பூச்சி கடத்துவதுதான். 1960-ல் மேற்கே இருந்து இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. அந்தச் சில வருடங்களில் மேற்காசியாவிலும் இங்கேயுமாகச் சுமார் 3 லட்சம் குதிரை, கழுதைகள் செத்தன. 2020-ல் தாய்லாந்தில் 500-க்கும் மேல். இப்போது நம் நாட்டில் அது இல்லை, அதனால் பேரனைப் பயமுறுத்தாதே. ஆனால் பூச்சிக்கடி ஒவ்வாமையிலேயே சில குதிரைக்குப் பிடரியும் வாலும் தாங்க முடியாமல் அரிக்குமாம். உங்க வெள்ளைக் குதிரை புளியமரத்தில் வாலைத் தேய்த்துத் தேய்த்து மயிரே கொட்டிப்போய் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? நாம் அதைக் கேலி செய்தோம்.

உங்கப்பா விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே குதிரையை உள்ளே கட்டி, வாசலில் மூட்டம் போடுவார். இந்தப் பூச்சி கிளம்புவதும் சரியாக அந்த நேரம்தான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நானும் இப்போது வேப்பந்தழை போட்டுப் புகைக்கிறேன், கொஞ்சம் விலகுகிறது.

பக்கத்துக்காரரிடம் இன்னும் போகவில்லை. பொங்கலுக்குக் கரும்போடு போகலாம் என்று இருக்கிறேன். எதிரில் வந்தால் இன்னும் அவர்தான் முதலில் தலையை ஆட்டுகிறார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உங்கப்பா வேப்பந்தழையோடு இன்னொரு தழையும் போடுவாரே, அது என்னடா? நொச்சியா? வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது, பேர்தான் வரமாட்டேன் என்கிறது. தெரிந்தால் எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்