இனிமேல் ‘கேஸ் மட்டும்’ போட மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்ததும் நம் கார் ஏசி பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். இறங்கி வருகிறவர்களில் பலர் சொல்வது ஒரே வார்த்தைதான்: “கூலிங் இல்ல, கேஸ் மட்டும் போட்டுருங்க அண்ணாச்சி.” இத்தனை வருடமும் அவசரத்துக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். இந்தக் கோடையிலிருந்து அதை நிறுத்துகிறோம். கோளாறு எங்கே என்று பார்க்காமல் எந்த வண்டிக்கும் கேஸ் ஏற்ற மாட்டோம். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், 500 ரூபாய் ஆகும். வேலையை நம்மிடமே செய்தால் அந்த 500 பில்லில் கழிந்துவிடும். வேறிடத்தில் செய்துகொள்வதாக இருந்தாலும் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிடுவோம்.

பழகிய இடத்தில் புதிதாக ஒரு கட்டணம் என்றால் வருத்தமாக இருக்கும், தெரிகிறது. அதனால்தான் காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் தீர்வதுபோல ஏசி கேஸ் தீராது. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் உடம்பில் கசிகிற நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதே கணக்குத்தான். இன்று நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து, வண்டிக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பானையிலிருந்து போன ஆவி திரும்பி வராது. காரில் அந்த ஆவியைக் கம்ப்ரசர் பிடித்து அழுத்தி, முன்பக்கம் இருக்கும் கண்டன்சருக்கு அனுப்பும். அங்கே காற்றுப் பட்டுச் சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகும். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரம் வழியே திரும்பக் காயிலுக்கு. சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான்.

ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆறேழு வருடம் ஓடிய வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். போன சித்திரையில் போட்டது இந்தச் சித்திரைக்கு இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான்.

தண்ணீர் என்றால் போனால் போகிறது என்று விடலாம். கேஸோடு ஆயிலும் சேர்ந்து போவதுதான் ஆபத்து. கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்கும் தொட்டி, கிடையாது. கேஸோடு கலந்து சுற்றுகிற ஆயில்தான் அதன் உள்பாகங்களை நனைக்கிறது. ஓட்டை வழியாகக் கேஸ் போகும்போது ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். திரும்பக் கேஸ் போடுகிறவர் ஆயிலைப் பற்றி யோசிக்கவே மாட்டார்.

டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் போன வருடம் வந்தார். ஏழு மாதத்தில் மூன்று இடத்தில் கேஸ் போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் குளிரும், பிறகு வெறும் காற்று. கடைசியில் வல்லநாடு தாண்டி வரும்போது சத்தம் போட்டுக் கம்ப்ரசர் ஜாமாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் துளிகூட இல்லை. அலுமினியம் உரசித் தேய்ந்து, அந்தத் தூள் லைன் முழுக்கப் பரவியிருந்தது. இப்போது வரும் கண்டன்சர்களின் குழாய்களுக்குள் ஊசி கனத்துக்குச் சின்னச் சின்னப் பாதைகள். அதில் போய் அடைந்த தூளைக் கழுவி எடுக்க முடியாது. கம்ப்ரசர், கண்டன்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் எல்லாமே மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் ஆரம்பித்து வைத்தது பைப் ஜாயிண்டில் இருந்த ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம். டீ, வடை சாப்பிடுகிற காசுக்கு வாங்கலாம் அதை. பில்லை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

அடுத்து நாங்களே செய்த தவறு. ஒரு டீச்சர் வந்தார்கள். “மதுரை ரோட்டுல போனா ஜில்லுன்னு இருக்கு, டவுனுக்குள்ள சிக்னல்ல நின்னா சூடாயிடுது” என்றார்கள். நோய் என்ன என்பதை அந்த ஒரு வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஓடும்போது காற்று தானாகக் கண்டன்சரில் அடிக்கிறது, அதனால் குளிர்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும், அது இழுக்கவில்லை. அன்றைக்குக் கூட்டம். எங்கள் பையன் லைனில் பிரஷர் காட்டும் கேஜை மாட்டி, குறைவாக இருக்கும்போல என்று ஒரு கேன் கேஸை ஏற்றி அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகித் திரும்பி வந்தார்கள். கேஸ் அதிகமானால் கண்டன்சரில் திரவம் தேங்கி, சூடு இறக்கும் இடம் குறைந்துபோகும். பிரஷர் எகிறி, சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கூடுதல் கேஸை எடுத்து, ஃபேன் மோட்டாரை மாற்றினோம். கேஸுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த நாள்தான்.

கேஜைப் பார்த்து அளவு சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. இன்ஜினை அணைத்து வைத்திருக்கும்போது 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ ஏறக்குறைய 115 பிஎஸ்ஐ பிரஷர் காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் அதேதான் காட்டும். திரவமாகக் கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை அந்த எண் சூட்டைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. சமையல் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தூக்கித்தானே பார்க்கிறோம். இதற்கும் தராசு ஒன்றுதான் வழி. உங்கள் பானட்டைத் திறந்தால் எத்தனை கிராம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருப்பதை மெஷினில் இழுத்தெடுத்து எடை போட்டுப் பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள அளவைத் திரும்ப ஏற்றுவதுதான் முறை. காற்றில் திறந்துவிடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. இந்தக் கேஸ் ஒரு கிலோ வெளியே போனால், நூறு ஆண்டுக் கணக்கில் 1430 கிலோ கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிற அளவுக்குச் சூடாக்கும். வெயிலுக்குப் பயந்து ஏசி போடுகிற நாமே வெயிலைக் கூட்டக் கூடாது.

கேஜ் வீண் என்று சொல்லவில்லை. வண்டி ஓடும்போது இரண்டு பக்கமும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் அது நாடி மாதிரி. நம் வெயிலில் காயிலிலிருந்து கம்ப்ரசருக்கு வரும் லோ சைடு 30–45, கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ என்று ஓடினால் பெரும்பாலும் ஆரோக்கியம். இரண்டுமே இறங்கிக் கிடந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே ஏறி நின்றால் கண்டன்சரில் தூசி, அல்லது ஃபேன், அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. லோ ஏறி ஹை இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. லோ சைடு பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் வால்விலோ ட்ரையரிலோ அடைப்பு. கால் மணி நேரம் குளிர்ந்து, சட்டென்று நின்று, கொஞ்சம் நிறுத்தி வைத்தால் மறுபடி வருகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. வால்வின் துவாரத்தில் அது பனியாக உறைந்து அடைக்கிறது.

ஓட்டை தேடுவதற்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி போகும். லைனில் நைட்ரஜன் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருப்போம். இறங்கினால் ஜாயிண்ட் ஜாயிண்டாகச் சோப்பு நுரை. ஆயில் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக் கறுத்த இடம் பெரும்பாலும் குற்றவாளி இருக்கும் இடம். நம் தூத்துக்குடியில் முதலில் பார்ப்பது கண்டன்சரைத்தான். கடற்காற்றில் வரும் உப்பு அலுமினியத்தை அரிக்கும்; பொடிப்பொடியாக உதிர்ந்த மெல்லிய தகடுகளை, அதாவது ஃபின்களைக் கையால் தொட்டே காட்டலாம். ஹைவேயில் லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லும் அங்கேதான் அடிக்கும். மாதம் ஒரு தடவை வண்டி கழுவும்போது கண்டன்சரிலும் நல்ல தண்ணீரை மெதுவாக விடச் சொல்லுங்கள். வேகமான வாட்டர் கன் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

கூலிங் காயிலில் ஓட்டை என்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டும், பெரிய வேலை. அதனால் ஊகத்தில் அதைச் சொல்லவே மாட்டோம். ப்ளோயரை நிறுத்திவிட்டு ஏசி வென்டிலும், தண்ணீர் சொட்டும் டிரெயின் பைப்பிலும் லீக் டிடெக்டரைக் காட்டி, அது கத்தினால் உங்களையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டிய பிறகுதான் கை வைப்போம்.

சரி செய்தபின் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடும். அவசரப்படுத்தாதீர்கள். உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும்போது ஈரம் நம் ஊர்ச் சூட்டிலேயே கொதித்து வெளியேறும். அந்த அரை மணியை மிச்சம் பிடித்தால், தங்கிய ஈரம் கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத வண்டிகளும் நிறைய வருகின்றன. ஒரு மணி நேரம் ஓடியதும் காற்றின் வேகம் குறைகிறதா? க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்தால் காயிலில் பனி பிடித்துக் காற்றை மறிக்கும். ஃபில்டர் மாற்றினால் பெரும்பாலும் தீரும். பத்து நிமிடத்து வேலை, அதற்கு 500 ரூபாய் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே வாருங்கள். முன்சீட் காலடியில் மேட் நனைந்தால் டிரெயின் பைப் அடைப்பு. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் வந்து ஒரு பக்கம் மட்டும் சூடாக வந்தால், சூடு-குளிர் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கும். ஏசி போட்டதும் புளித்த வாடை வந்தால் காயிலில் பூஞ்சை. வீடு வர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும்.

ஒரு வேண்டுகோள் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விலை குறைவு என்று வரும் பெயர் தெரியாத கேன்களை எங்கும் ஏற்ற விடாதீர்கள். சமையல் கேஸ் வகையைக் கலந்து விற்பதும் உண்டு. ஆர்-134ஏ சாதாரணமாகத் தீப்பிடிக்காது, சமையல் கேஸ் பிடிக்கும். பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் அந்தக் காயில் இருக்கிறது. ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் என்று விற்கும் சீலண்ட் திரவமும் வேண்டாம். அது வால்வையும் அடைக்கும், எங்கள் மெஷினையும் அடைக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டோம்.

முடிந்தால் காலையில் வண்டியைக் கொண்டு வாருங்கள். டவுனுக்குள்ளா, ஹைவேயிலா, கிளம்பியதுமா, கொஞ்சம் ஓடிய பிறகா, எப்போது குளிர்ச்சி குறைகிறது என்பதைக் கவனித்து வந்து சொல்லுங்கள். ஓட்டுகிறவர் வேறு ஒருவர் என்றால் அவரையே அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே உங்கள் டிக்கியில் வைத்துவிடுவோம். எத்தனை கிராம் எடுத்தோம், எத்தனை கிராம் கேஸும் எவ்வளவு ஆயிலும் ஏற்றினோம் என்று பில்லிலேயே எழுதியிருக்கும். முன்பு வேறெங்காவது கேஸ் போட்ட சீட்டு வண்டியில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தேதியைப் பார்த்தாலே ஓட்டை சின்னதா பெரிதா என்று பாதி தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் கார் ஏசி பட்டறை,
தூத்துக்குடி