கடலோரத்தில் மனை தேடும் மகளுக்கு

நாகப்பட்டினம்,
3.8.2025

அன்புள்ள மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரின் நலமறிய ஆவல். மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் கடலோரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கோவளத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றும், புதுச்சேரிக்கு வடக்கே ஒன்றும், குளச்சல் பக்கம் ஒன்றுமாக மூன்று மனைகளின் படங்களை அனுப்பியிருந்தாய். மூன்றிலும் வெண்மணலும் தென்னையும் அமைதியான கடலுமாக இருப்பதால், படத்தை வைத்து எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டட மேற்பார்வையாளனாக முப்பது ஆண்டுகள் இந்தக் கரையோர ஊர்களில் வேலை பார்த்தவன் என்பதால், அந்தப் படங்களில் தெரியாதவற்றை எழுதுகிறேன்.

முதலில் மணல். நம் கிழக்குக் கரையில் தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் வடக்கு நோக்கி நகரும் மணல், வாடைக் காற்றில் தெற்கே திரும்பி வருவதைக் காட்டிலும் அதிகம். ஆகவே கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினால், அதன் தென்புறத்தில் மணல் சேர்ந்துகொண்டே போகும்; வடபுறத்தில் கரை அரித்துக்கொண்டே போகும். சென்னையில் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும், ராயபுரத்துக்கு வடக்கே கரை கடலுக்குள் போனதும் இந்த ஒரே காரணத்தால்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு நகரின் கடற்கரையே மறைந்து கற்குவியல் மட்டும் மிஞ்சியதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். இப்போது அங்கே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். ஆனால் நகரைக் காப்பதற்காகக் கல் போடப்போட அரிப்பு வடக்கே தள்ளிக்கொண்டு போய், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என ஒவ்வொரு குப்பமாகத் தின்றது. நீ அனுப்பிய இரண்டாவது மனை அந்த வரிசையில்தான் இருக்கிறது. இன்று மனைக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்பதைவிட, தெற்கே எத்தனை தொலைவில் கல் கொட்டியிருக்கிறார்கள் என்பதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி. தரகர் அதைச் சொல்லமாட்டார். குப்பத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது தண்ணீர். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன். கரையோர மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால்தான் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் தங்கும் என்பது கணக்கு. மேலே அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்துவிட்டால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு அத்தனை உயரமும் ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அளவுக்குமீறி இறைத்ததில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திருவான்மியூரிலிருந்து தெற்கே நெடுகிலும் வீடுகளும் விடுதிகளும் அதே மணல் நீரைத்தான் உறிஞ்சுகின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே என்று மாப்பிள்ளை கேட்கலாம். ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் உன் மனைக்குக் குழாய் வந்துவிடாது. அங்கே ஒரு வீட்டு வேலையின்போது நான் தங்கியிருந்த அறையில், ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகவைத்த துவரம்பருப்பு இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் மசியவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. அந்த நீரைக் கொண்டு கான்கிரீட் போடவும் நான் சம்மதிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு என்மேல் வருத்தம்.

நான் அப்படிச் சம்மதிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீட்டுப் பின்கட்டின் மேற்கூரையை நீ மறந்திருக்கமாட்டாய். உப்பு உள்ளே இறங்கியதும் கம்பி துருவேறிப் பருத்தது. பருத்த கம்பி காரையை உள்ளிருந்து பிளந்தது. ஒரு மாசி மாதக் காலையில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்கு அரை முழத் தொலைவில், ஒரு தட்டளவு காரை பெயர்ந்து விழுந்தது. கடலைப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு இந்தச் செலவு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வரும். வீட்டின் விலையோடு இதையும் கூட்டித்தான் மூன்று மனைகளையும் நீ ஒப்பிட வேண்டும்.

புயலைப் பொறுத்தவரை வடக்கே இருக்கும் இரண்டு மனைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. 2011 டிசம்பரில் தானே, 2016 டிசம்பரில் வர்தா, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று எல்லாம் அந்தக் கரையில்தான் ஏறின. நம் ஊருக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே 2018 நவம்பரில் கஜா வந்தபோது, எத்தனை நாள் மின்சாரமில்லாமல் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். சுனாமியைப் பற்றி நான் புதிதாக எதுவும் எழுதப்போவதில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையில் உன் வகுப்பில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கின்றன. பேச்சிப்பாறை அணையும் கால்வாய்களும் இருக்கின்றன. கிணறுகளில் இனிப்பான நீர் நிற்கிறது. இதனால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் நீ குறித்த இடம் சரியில்லை. ஆனி, ஆடியில் மேற்குக் கரை அலை வேறு விதம். தடுப்புக் கற்களைத் தாண்டி வீட்டுக்குள் வரும். 2017-இல் ஒக்கி எத்தனை மீனவக் குடும்பங்களைக் கலைத்துப் போட்டது என்பதும் உனக்குத் தெரியும். குளச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மணவாளக்குறிச்சியின் கருமணலில் மோனசைட் என்ற தாது இருப்பதால், இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். தலைமுறை தலைமுறையாக அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்றாலும், கைக்குழந்தையோடு வருகிறவள் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். தவிர, ஊரகக் கரைகளில் பொதுவாக உயர் ஓத எல்லையிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் கோட்டிலிருந்து, குறிப்பிட்ட தொலைவு வரை புதிய வீடு கட்ட அனுமதி கிடையாது. மீனவர்களுக்கு உள்ள விலக்கு உனக்குப் பொருந்தாது. தரகர் வேறு விதமாகச் சொன்னால் எழுத்தில் கேள்.

ஆகவே நாகர்கோவிலை ஒட்டி, கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, கால்வாய்ப் பாசனம் உள்ள ஒரு கிராமத்தில் பார்க்கலாம் என்பது என் எண்ணம். சன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நீ சொல்லிவருவது எனக்கு நினைவிருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மாலையில் வண்டியை எடுத்தால் கால் மணி நேரத்தில் சங்குத்துறை மணலில் குழந்தையை விளையாட விடலாம்.

முன்பணம் எதுவும் கொடுக்காதே. விடுமுறையை ஜனவரிக்குத் தள்ளாமல் நவம்பர் நடுவில் எடுத்துக்கொண்டு வா. மழை பெய்யும்போதே மூன்று இடங்களையும் நேரில் பார்ப்போம். ஒவ்வொரு மனையின் பக்கத்துக் கிணற்றிலும் நீர் எடுத்துச் சோதிக்க மூன்று கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அம்மா பருப்பும் கொண்டுவருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா