வார் தாங்கும், தோள் தாங்குமா?

ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் பை தைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஜூனில் பள்ளி திறந்ததும் ஜிப் மாற்ற வருவார்கள். தீபாவளிக்குள் தோள்வார் அறுந்த பைகள் வந்துவிடும். அவற்றில் பெரும்பாலும் ஒரு பக்க வார்தான் பிய்ந்திருக்கும். மறுபக்கம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். பிள்ளை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சாய்ந்தே நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பெற்றோரோ, "இன்னும் அழுத்தமாகத் தைத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். நானும் இரட்டைத் தையல் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று, அளவு. மூன்று ஆண்டுக்கு வரட்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பையை வாங்கிவிடுகிறார்கள். அது இடுப்புக்குக் கீழே தொங்கிப் பின்னால் இழுக்க, பிள்ளை முன்னால் குனிந்து நடக்கிறது. வாரை இழுத்துச் சுருக்கி, பையின் அடிப்பாகம் இடுப்பளவில் நிற்கும்படி செய்ய அரை நிமிடம் ஆகாது. இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும். கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு இதைக் காசு வாங்காமல் செய்து தருகிறேன். சக்கரப் பை கேட்பவர்களிடம், உங்கள் பள்ளியில் மாடிப்படி உண்டா என்று கேட்பேன். பிறகு அவர்கள் கேட்பதில்லை.

சிலர் புத்தகத்தோடு பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார்கள். அன்றைக்குப் பாடவேளையே இல்லாத நோட்டுகள், கைடு, டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மழைக்காலமென்றால் ரெயின்கோட்டும் சேரும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோதான் கணக்கு. அதில் பாதியைத் தண்ணீரே தின்றுவிடுகிறது. பள்ளியில் நம்பிக் குடிக்கும்படி குடிநீர் இருந்தால் எந்தத் தாயும் அதைச் சுமக்கவிட மாட்டாள். 2012-13இல், ஓராண்டுப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்துத் தனித்தனிப் புத்தகம் தரும் முப்பருவ முறை வந்தபோது பாடப்புத்தகம் மெலிந்தது உண்மை. அந்த இடத்தைத் தனியார் பள்ளிகளின் பயிற்சி நோட்டுகள் பிடித்துக்கொண்டன.

பள்ளியில் எடை பார்க்கும் கருவி வைத்து, அவ்வப்போது பையை எடைபோட வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. நான் போய்வரும் பள்ளி வாசல் எதிலும் அப்படியொன்றைக் கண்டதில்லை. கல்வித் துறை அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலை நேரம் ஏதாவது பள்ளி வாசலில் தராசோடு நின்று பார்க்கட்டும். தராசு இல்லையென்றால் பழைய பேப்பர் கடையில் இரவல் தருவார்கள்.

– பை தைக்கும் தொழிலாளி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.