கடல் தொட்டிக்குச் சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால், வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியான கடல் தொட்டியில் தினமும் இரண்டு, மூன்று லிட்டர் ஆவியாகும். அதை ஈடுகட்டப் பலர் சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்த தண்ணீரையே ஊற்றுகிறார்கள். மனிதர் குடிக்கும் தண்ணீர் மீனுக்கு ஆகாதா என்று கடைகளிலும் சொல்லி அனுப்புகிறார்கள். மீன் தாங்கிக்கொள்ளும். நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது.

இயந்திரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். நல்ல நிலையில் உள்ள மெம்பரேன் (நீரை வடிக்கும் நுண்சவ்வு), கரைந்த உப்புகளில் 95 முதல் 98 சதவீதத்தை நிறுத்திவிடும். 1,000 டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள பொருள்கள், மில்லிகிராமில்) உள்ள போர் தண்ணீர் 20 முதல் 50 ஆக வெளியே வரும். குடிக்கச் சப்பென்று இருக்கும் என்பதால், அதன் பிறகு டி.டி.எஸ். அட்ஜஸ்டர் வழியாக மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிறார்கள். பிறகு தாதுக்களைச் சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ். இப்போது பல மாடல்களில் நீரில் செம்பைச் சேர்க்கும் செம்பு கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருக்கிறது.

எங்களுக்குப் பெரிய கவலை இந்தச் செம்புதான். மீனின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பது உண்டு. அதையே தனித் தொட்டியில்தான் கொடுப்போம், ஏனென்றால் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. ஆவியாவது நீர் மட்டும்தான். செம்பு தொட்டியிலேயே தங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறும். பாறையிலும் மணலிலும் படிந்துவிட்டால் எளிதில் போகாது. டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, அளவு அவ்வளவு நுண்மையானது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை பிடி விட்டு மணலில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் சந்தேகமே வரும்.

செம்பு இல்லாத இயந்திரமானாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டி.டி.எஸ். தண்ணீரைத் தினமும் 3 லிட்டர் ஊற்றினால், நாளைக்கு 300 மில்லிகிராம், மாதத்துக்கு 9 கிராம். அதில் நைட்ரேட்டும் சிலிக்காவும் இருந்தால் பழுப்புப் பாசியும் முடிப்பாசியும் பாறையை மூடிவிடும். கேன் தண்ணீருக்கும் இதே கதிதான்.

இதற்காகப் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. மெம்பரேனின் சுத்த நீர்க் குழாயில், அட்ஜஸ்டர் வந்து சேரும் இடத்துக்கு முன்பாக ஒரு டீ (T) வடிவ இணைப்புப் போட்டு, இரு கிளைக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். தொட்டிக்கான கிளையில் மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் 10 அங்குல டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று. மீட்டர் 0 காட்ட வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் டி.டி.எஸ். எகிறியிருக்கும், அந்த நீரை ரெசினுக்குள் விடாமல் குடிநீர்க் கிளைக்குத் திருப்பினால் ரெசின் நீடிக்கும். போர் தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை மெம்பரேன் தடுக்காது, அதுவும் ரெசினைத் தின்னும். மீட்டர் 1 அல்லது 2 காட்டும்போதே ரெசினை மாற்றிவிடுங்கள். தேயும் ரெசின் முதலில் கைவிடுவது சிலிக்காவைத்தான், அது மீட்டரில் சரியாகத் தெரியாது. மெட்ரோ தண்ணீராக இருந்தால் கார்பன் ஃபில்டரையும் நாள் தள்ளாமல் மாற்ற வேண்டும். அது தடுக்காவிட்டால் அந்தத் தண்ணீரில் உள்ள குளோரின் மெம்பரேனை அரித்துவிடும்.

இந்த நீரைப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பிடித்து வைக்காதீர்கள். உணவுத்தர பிளாஸ்டிக் டிரம் போதும்.

உப்பு கலக்கும்போது நீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் அந்த நொடியின் அடர்த்தியில் கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து பால் போல் கலங்கிவிடும், பிறகு கரையாது. 100 லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோவில் தொடங்கி, பம்பு வைத்துச் சுழலவிட்டு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி (சுத்த நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 வரும் வரை சரிசெய்யுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் ஒத்துப்பார்க்காமல் நம்ப வேண்டாம். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில், காரத்தன்மை அதன் அலகான டி.கே.எச்.-இல் 8 அல்லது 9 இருந்தால் பவளம் நன்றாக இருக்கும். தினமும் ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத நீர் மட்டுமே. உப்பு எங்கும் போவதில்லை.

ஒரு லிட்டர் சுத்த நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவு வெளியேறும். சென்னை போன்ற ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வரக்கூடாது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படும்.

கொளத்தூரிலும் மற்ற இடங்களிலும் வண்ணமீன் கடை நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறோம். கடல் தொட்டி விற்கும்போதே, வாங்குபவர் வீட்டு ஆர்.ஓ.வில் செம்பு கார்ட்ரிட்ஜ் உண்டா என்று கேளுங்கள். கேனில் ஆர்.ஓ. நீர் விற்பவர்கள், அதன் டி.டி.எஸ். அளவையும் நிரப்பிய தேதியையும் கேன் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடல் தொட்டி பராமரிப்போர் சிலர்,
சென்னை.