திருப்பணி நிறைவு அறிக்கை: அணிகளின் ஒத்துழைப்பை அளந்த கணக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கட்டட வேலை முடிந்து சாவி குழுவின் கைக்கு வந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே வரும். இந்த அறிக்கை ஒரே ஒரு கேள்விக்கு: சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கப் பலகை அடிப்பது), கம்பி, கொத்து, மின்சாரம், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ் என ஏழு அணிகள் ஒரே சைட்டில் இறங்கும்போது, அவை ஒத்துப்போகின்றனவா என்பதை எப்படி அளந்தோம்?

முதல் அளவு, வார வாக்கு. அந்த வாரம் எதை முடித்துத் தருவார் என்பதை வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு மேஸ்திரியும் தம் வாயால் சொல்ல, பலகையில் எழுதினோம். வாரக் கடைசியில் எண்ணினோம். 20 வேலை சொல்லி 14 முடிந்தால் 70 சதவீதம். முக்கால்வாசி முடிந்ததற்கு முக்கால் மதிப்பெண் கிடையாது, பூஜ்யம்தான். ஒரு மூலை பூசாமல் நின்றாலும் அடுத்த அணி காத்துத்தானே நிற்க வேண்டும்? கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1990களில் வகுத்த முறை இது. அன்று அவர்கள் பார்த்த சைட்டுகளில், வாரத் திட்டத்தில் எழுதிய வேலைகளில் ஏறத்தாழப் பாதிதான் அந்த வாரத்துக்குள் முடிந்தது.

சதவீதத்தைவிடப் பயன்பட்டது அதன் பக்கத்தில் எழுதிய காரணம். தொடக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘ஆள் வரவில்லை’ என்றே இருந்தது. ஏன் வரவில்லை என்று இன்னொரு முறை கேட்டால்தான் விஷயம் வெளிவரும்: முந்தைய அணி இடத்தைக் காலி செய்யவில்லை, டிராயிங் கையில் இல்லை, சாரம் கழற்றப்பட்டுவிட்டது. இவற்றில் எதுவும் ஆள் பற்றாக்குறை இல்லை.

இரண்டாவதும் முதன்மையானதும் கைமாற்றம், அதாவது ஓர் அணி முடித்த வேலையை அடுத்த அணியிடம் ஒப்படைப்பது. ஏழு அணிகளுக்குள் 21 ஜோடிகள் உண்டு. அவற்றில் வேலை நேரடியாகக் கைமாறும் ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒன்றாக நின்று பார்த்து, ஒரே சீட்டில் கையெழுத்திட வேண்டும். முதல் பார்வையிலேயே ஏற்கப்பட்டவை எத்தனை, திருப்பி அனுப்பப்பட்டவை எத்தனை என்பதே கணக்கு.

கூரைத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கம்பி கட்டியதும் எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க வேண்டும், பிளம்பர் குழாய் போக வழிவிடும் ஸ்லீவ் வைக்க வேண்டும், அதன் பிறகே மேல்கம்பி. கம்பி கட்டுபவர் அவசரப்பட்டு மேல்கம்பியையும் முடித்துவிட்டால், எலக்ட்ரீஷியன் கம்பியை நெம்பித் தூக்குவார். கம்பிக்கு அடியில் இடைவெளி விடும் கவர் பிளாக் நழுவும், கம்பி சென்ட்ரிங் பலகையில் உட்காரும். பிளம்பரை யாரும் கூப்பிடவில்லை என்றால், பிறகு கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியதுதான். இதில் மூன்று அணிகளும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். தனித்தனியே மதிப்பெண் போட்டால் மூவரும் தேர்ச்சி! ஜோடியாக அளந்தால்தான் ஓட்டை தெரியும். கழிவறையிலும் இதே கதை. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்திப் பார்த்து, பூச்சு அணி, பிளம்பர், டைல்ஸ் அணி மூவரும் கையெழுத்திட்ட பிறகே டைல்ஸ் ஒட்டலாம் என்று வைத்தோம்.

மூன்றாவது, டிராயிங்கில் எழும் சந்தேகங்களுக்குப் பதில் வர ஆன நாட்கள். இதில் சராசரி ஏமாற்றும். ஐந்து கேள்விகளுக்கு 2, 2, 3, 3, 30 நாட்கள் ஆனால் சராசரி 8. ஆனால் எந்தக் கேள்விக்கும் 8 நாள் ஆகவில்லை. நடு எண்ணான 3-ஐயும், மிக நீண்டதையும் தனித்தனியே எழுதுவதே நேர்மை. பதில் வந்த பிறகும் அதே கேள்வி மறுபடி எழுந்தால், அது பதிலாகக் கணக்கில் சேராது.

நான்காவது, பெயரில்லாக் கேள்வித்தாள், 1 முதல் 5 வரை மதிப்பெண். இதை நாங்கள் அதிகம் நம்பவில்லை. ஓர் அணியில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும் என்பதால், அவர்களை வேறு அணியோடு சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. 1-உம் 5-உம் சேர்ந்தால் சராசரி 3. இரண்டு 3-களுக்கும் அதே 3. ஆகவே பார்க்க வேண்டியது இடைவெளியை. ‘தகவல் நேரத்துக்கு வருகிறது’ என்பதற்கு மேற்பார்வையாளர்கள் 5 போட்டு வேலையாட்கள் 2 போட்டால், தகவல் மேற்பார்வையாளரோடு நின்றுவிடுகிறது என்று பொருள்.

பட்டுவாடாவை இந்த எண்களோடு இணைக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. எண்ணோடு பணத்தை இணைத்ததும் வாக்கு சுருங்கும். முடிக்கக்கூடிய எட்டை விட்டுவிட்டு, உறுதியான நான்கை மட்டும் சொல்வார்கள். விகிதம் 100 ஆகும், கட்டடம் நகராது. அதேபோல், வரப்போகும் சிக்கலை முன்கூட்டிச் சொன்னவர் கணக்கில் குறை ஏற்றுவதும் தவறு. எச்சரிக்கைகள் தொடக்கத்தில் கூடினால் நல்ல அறிகுறி. பிந்தைய கட்டத்தில், மறுவேலையோடு சேர்ந்து கூடினால்தான் கவலை.

கைமாற்றச் சீட்டுகள் அனைத்தும் அறை வாரியாகக் கட்டி அலுவலகத்தில் உள்ளன. குறை நீக்கும் பொறுப்புக்காலத்தில் எங்காவது கசிவோ விரிசலோ கண்டால், அறை எண்ணைச் சொல்லி அந்த அறையின் சீட்டுகளை முதலில் எடுத்துப் பாருங்கள். எந்த அணிகளைக் கூப்பிட வேண்டும் என்பது அவற்றில் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு