வகுப்பறை உதவியாளர் வேலை: சனிக்கிழமை சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று பல அம்மாமார்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சேர்ந்தே பேசிவிடலாம்.

நாள்: மார்ச் 14, சனி, காலை 10 மணி
இடம்: நாம் எப்போதும் கூடும் சமூக மன்ற அறை

1. இந்த வேலையில் இருப்பவர்களை முன்பு துணைக் கல்வியாளர் என்றார்கள். அடிப்படைத் தகுதி டிப்ளோமா, ஏ நிலை அல்லது பட்டம். பாசம் மட்டும் போதாது. தேசியக் கல்விக் கழகத்தில் ஓராண்டு முழுநேர சிறப்புக் கல்வி டிப்ளோமாவும் படிக்க வேண்டும்.

2. அந்தப் பயிற்சி ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியும். தொடக்கநிலை 2-இல் மணி அடித்தாலே என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அவன் பள்ளியில் இந்த வேலையில் இருந்த ஆசிரியை அவனை இழுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடுத்து என்ன பாடம் என்று பட அட்டையைக் காட்டுவார். அவனே வெளியே வருவான்.

3. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல்களை எடுத்து வாருங்கள். ஊரில் படித்தவர்கள் இப்போதே தேடத் தொடங்குங்கள், கல்லூரியிலிருந்து வாங்க நாளாகும்.

4. அடையாள அட்டை எண்ணைக் குழுவில் போட வேண்டாம்.

5. விண்ணப்பம் கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாக மட்டுமே. வேலை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயரையும் படிப்பையும் இங்கே எழுதுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வரலாம், தாராளமாக.