ஷேல் அமைதியாக இருந்தால் நம்பாதே

சென்னை, அடையாறு

அன்புள்ள கயல்,

நேற்று எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கிலிருந்து போனில் கேட்டாய்: டிஎக்ஸ்சி கோடு (துளைக்கும் வேகத்திலிருந்து பாறையின் அழுத்தத்தை ஊகிக்கும் எண்) இடப்பக்கம் சாய்கிறது, அதாவது கீழே அழுத்தம் கூடுவதுபோலத் தெரிகிறது, ஆனால் கிணறு அசையாமல் இருக்கிறது, மட் வெயிட்டை (கிணற்றில் சுற்றவிடும் சேற்றுத் திரவத்தின் அடர்த்தி, கேலனுக்கு இத்தனை பவுண்டு என்று) ஏற்றச் சொல்லலாமா என்று. பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. நிதானமாகவே எழுதுகிறேன்.

நீ சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். பிட் 12¼ இன்ச், 100 ஆர்பிஎம், பிட் மேல் எடை 35,000 பவுண்டு, வேகம் மணிக்கு 30 அடி. 30-ஐ 6,000-ஆல் வகுத்தால் 0.005, அதன் லாக் −2.30. எடையை 12-ஆல் பெருக்கி, பிட் அளவின் பத்து லட்சம் மடங்கால் வகுத்தால் 0.0343, லாக் −1.46. முன்னதைப் பின்னதால் வகுத்தால் டி 1.57. மட் 10, அந்த இடத்தின் நார்மல் (வழக்கமான நீரழுத்தத்துக்குச் சமமான மட்) 9 என்பதால் 0.9-ஆல் பெருக்கினால் 1.41. ஜோர்டனும் ஷெர்லியும் 1966-ல் தந்தது டி மட்டும்தான். மட் வெயிட்டுக்கான திருத்தம் 1971-ல் ரெம், மெக்லெண்டன் சேர்த்தது. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் மட்டை ஏற்றியதுமே கோடு நேராகி, அழுத்தம் தணிந்துவிட்டதுபோல ஏமாற்றும்.

10,000 அடியில் உன் டிரெண்ட் கோடு (அழுத்தம் வழக்கமாக இருந்தால் டிஎக்ஸ்சி இருக்கவேண்டிய அளவு) 1.76 காட்டுகிறது. 1.41-ஐ அதால் வகுத்தால் 0.8. இந்த விகிதத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடும் ஈட்டன் சூத்திரத்தில் அடுக்கு 1.2, ஆகவே 0.765. மேற்பாரம் (மேலே உள்ள பாறையின் எடை) அடிக்கு 1.0 பிஎஸ்ஐ என்று கணக்குக்காக வை (கடலில் தண்ணீர் ஆழத்துக்கு ஏற்பக் குறையும்). நார்மல் 0.465. வித்தியாசம் 0.535, அதில் 0.765 பங்கு 0.409. ஒன்றிலிருந்து கழித்தால் 0.591. அதை மட் வெயிட்டாக மாற்ற 0.052-ஆல் வகுத்தால் 11.4. கிணற்றில் இருப்பதோ 10.

அப்படியானால் ஏன் எதுவும் பொங்கவில்லை? ஷேலுக்கு (இறுகிய களிமண் பாறை) திரவத்துக்கு வழிவிடத் தெரியாது. ஆட்டிய மாவைத் துணியில் கட்டி மேலே குழவியை ஏற்றிப் பார். நெய்தல் அடைத்துக்கொண்டால் நீர் வெளியேறாது, குழவியின் பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கும். கோதாவரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் அப்படித்தான். வேகமாகப் புதைந்ததால் நீரைப் பிழிந்து விட நேரம் கிடைக்கவில்லை. ஷேலில் 10-ஐ வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் துளைக்கலாம். அடுத்து வரும் மணல் அடுக்கில்தான் கிக், அதாவது பாறையின் திரவம் கிணற்றுக்குள் பாய்வது. மணல் சாய்ந்திருந்தால் அதன் உச்சியில் அழுத்தம் பக்கத்து ஷேலைவிடக் கூடுதலாகவே இருக்கும், 11.4-ம் போதாது.

ஆனால் அந்த 11.4-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு கம்பெனி மேனிடம் (ரிக்கில் எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதி) போகாதே. டிரெண்ட் கோடு நீ போட்டது, ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தினால் எண்ணும் நகரும். சுத்தமான ஷேல் புள்ளிகளை மட்டும் எடு. புது பிட், வேறு துளை அளவு வந்தால் கோட்டை மாற்றிப் பதி. பிட் மழுங்கினால் வேகம் குறைந்து டிஎக்ஸ்சி வலப்பக்கம் ஏறும், ஏறும் அழுத்தத்தை அது மறைத்துவிடும். பிடிசி பிட் (செயற்கை வைர வெட்டுமுனைகள் கொண்டது) பாறையைச் சீவுவதால் இந்தச் சூத்திரம் அதற்குச் சரியாகப் பொருந்தாது. அதோடு வெப்பத்தால் திரவம் விரிந்து உண்டான அழுத்தமாக இருந்தால் ஈட்டன் குறைத்தே சொல்லும்.

நான் அதிகம் நம்புவது கனெக்‌ஷன் கேஸை. பம்ப் ஓடும்போது உராய்வால் அடியில் 10.4 அளவுக்கு நிற்கும் மட், பைப் இணைக்கப் பம்பை நிறுத்தியதும் 10-க்கு இறங்கிவிடுகிறது. பாறையின் அழுத்தம் மிஞ்சியிருந்தால் அப்போது கேஸ் உள்ளே கசியும். ஒவ்வொரு இணைப்பும் காசில்லாத ஒரு சோதனை. லேக் டைம் (அடியிலுள்ள மட் மேலே வர ஆகும் நேரம்) கழித்து வரும் கேஸ் முகட்டை அந்தந்த இணைப்பின் ஆழத்தோடு எழுதி வை. 0.5, 0.9, 1.6 சதவீதம் என்று படியேறினால் அதற்கு வேறு விளக்கம் தேடாதே. ஒரே ஒரு முகடு மட்டும் உயர்ந்தால், பைப்பை வேகமாக இழுத்தார்களா என்று டிரில்லரிடம் கேள்.

ஷேக்கரிலும் (மட்டிலிருந்து பாறைத்துண்டுகளைச் சலிக்கும் இடம்) நீயே போய் நில், சாம்பிள் பையனை மட்டும் அனுப்பாதே. ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் நீளத்தில், மெல்லியதாக, உள்வளைந்து, ஓரம் கத்திபோல வரும் சில்லுகள் அழுத்தத்தால் தெறித்தவை. கட்டை கட்டையாக, இணையான தட்டை முகங்களோடு வந்தால் ஏற்கெனவே விரிசல் கண்ட பாறை. அதற்கு மட் வெயிட்டை ஏற்றினால் விரிசலுக்குள் மட் புகுந்து இன்னும் இடியும். இந்த ஒன்றில் குழம்பிப் பல கிணறுகள் மாட்டியிருக்கின்றன.

ஆக, கோடு சாய்ந்து, கேஸ் படியேறி, சில்லும் மெல்லியதாக வந்தால் உடனே துளைப்பதை நிறுத்தச் சொல். பம்பை நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஃப்ளோ செக். துளியாவது ஓடினால் கணக்கெல்லாம் பிறகு, பிஓபியை (கிணற்று வாயை அடைக்கும் வால்வு) மூட வேண்டும். ஓடாவிட்டால் அடியிலுள்ள மட் முழுதும் மேலே வரும்வரை சுற்றவிட்டு, 0.2, 0.3 என்று ஏற்றுங்கள். அதற்கு முன்னால் ஷூவில் (கேசிங் என்ற இரும்புக் குழாயின் அடிமுனை) எடுத்த லீக்-ஆஃப் எண்ணைப் பார், பாறை விரிசல் விடத் தொடங்கும் மட் வெயிட் அது. அது 12.3 என்றால், 11.6 மட்டோடு உராய்வு 0.4 சேர்ந்து 12 ஆகிவிடும். மீதி 0.3 போதாது, கேசிங் இறக்கும் பேச்சை அன்றே எடுக்க வேண்டும்.

மணலில் எம்டிடி (கருவியை இறக்கி அழுத்தத்தை நேரடியாக அளப்பது) எடுத்தால் எண்ணை எனக்கு அனுப்பு, உன் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணத்தக்காளி வற்றல் காக்கிநாடா பேஸுக்குக் கூரியரில் போட்டாயிற்று, அடுத்த ஹெலிகாப்டரில் வரும்.

அப்பா